வாடகை வீடு, வருஷத்துக்கு 12,000 ரூபாய்: எந்தப் பருவத்தில் எதைச் செய்வது?

கேள்வி சுருக்கமாக இது. திருச்சியில் ஒரு வாடகை வீட்டுக்கு மாசியில் குடி வந்திருக்கிறீர்கள். முதல் மாடி, மேலே மொட்டைமாடி, மேற்கே இரண்டு ஜன்னல். வீட்டுக்காரர் ஆணி அடிக்கக் கூடாது என்கிறார். வருஷத்துக்கு 12,000 ரூபாய் ஒதுக்க முடியும். அந்தப் பணத்தில் பருவத்துக்கு ஏற்ற மாதிரி வீட்டை அழகாக வைத்துக்கொள்வது எப்படி? இப்போதைக்குச் சுவரில் ஒட்டும் ஸ்டிக்கர் வால்பேப்பரும் கனமான திரைச்சீலையும் வாங்கலாமா, தீபாவளிக்கு முன்னால் ஹாலுக்கு பெயின்ட் அடிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் பதினெட்டு வருஷமாகப் பெயின்டிங் வேலை எடுத்துச் செய்கிறவன். அதில் பாதி வருஷங்கள் நானும் வாடகை வீட்டில்தான் இருந்தேன். அதனால் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: தீபாவளிக்கு முன்னால் பெயின்ட் அடிக்காதீர்கள். எங்களுக்கு வருஷத்திலேயே அதிக வேலை வருகிற மாதங்கள் அவைதான். என் பிழைப்பையே கெடுத்துக்கொண்டு சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தைக் கீழே அந்தப் பருவம் வரும்போது சொல்கிறேன்.

நம் ஊரில் பருவம் என்றால் பாடப்புத்தகத்தில் இருக்கும் ஆறு அல்ல. வீட்டைப் பொறுத்தவரை நான்குதான்: வெயில், காற்று, மழை, பனி. பங்குனி, சித்திரை, வைகாசி வெயில். ஆனி, ஆடி காற்று. புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகை வரை மழை. மார்கழி, தை பனி. ஒவ்வொன்றும் வீட்டை ஒவ்வொரு இடத்தில் தாக்கும். அது வருவதற்கு ஒரு மாதம் முன்னால் அந்த இடத்தில் கை வைத்தால் செலவு குறைவு. வந்த பிறகு கை வைத்தால் அதே வேலைக்கு இரண்டு மடங்கு ஆகும், சமயத்தில் செய்யவே முடியாது. அழகு என்று தனியாகச் செய்வதைவிட இந்த வேலைகளையே கொஞ்சம் கண்ணுக்குப் பிடித்த மாதிரி செய்துவிடுவதுதான் என் வழி. பணம் பாதி மிச்சமாகும்.

மாசியில் வந்திருக்கிறீர்கள், நல்ல நேரம். இன்னும் சில வாரத்தில் வெயில் ஏறிவிடும். முதல் செலவு ஹாலில் வேண்டாம், மொட்டைமாடியில்.

மேல் மாடி வீட்டில் சித்திரை மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கு மின்விசிறியைப் போட்டால் அனல் இறங்கும், கவனித்திருப்பீர்கள். பகல் முழுக்கக் கான்கிரீட் தளம் குடித்த சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகு கீழே விடுகிறது, விசிறி அதை அள்ளித் தள்ளுகிறது. சாயங்காலம் தளத்தில் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் உண்டு. ஒரு மணி நேரம் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். தளம் சூட்டைக் குடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அதற்கு இருப்பதிலேயே மலிவான வழி வெள்ளைச் சுண்ணாம்பு. இது பழைய வைத்தியம்தான், ஆனால் இன்று அரசாங்கங்களே கையில் எடுத்திருக்கின்றன. தெலங்கானா 2023-இல் 'கூல் ரூஃப்' என்று இதற்காகவே ஒரு கொள்கை கொண்டுவந்தது.

கடையில் கூரைக்கென்றே வெள்ளை பெயின்ட் விற்கிறார்கள். நல்லதுதான், இரண்டு மூன்று வருஷம் தாங்கும். சொந்த வீடு என்றால் அதை வாங்கச் சொல்வேன். வாடகை வீட்டுக்குச் சுண்ணாம்பு போதும். 600 சதுர அடித் தளத்துக்கு 15 கிலோ கிளிஞ்சல் சுண்ணாம்பு, ஒரு கிலோ பெவிகால், ஒரு பொட்டலம் நீலம், அடிப்பதற்கு ஒரு மட்டை (நார் பிரஷ்). எல்லாம் சேர்ந்து 1,200 ரூபாய்க்குள் வரும்.

செய்முறையைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நீற்றாத சுண்ணாம்பு, அதாவது இன்னும் தண்ணீர் படாத சுண்ணாம்பு என்றால் முந்தின நாளே தண்ணீரில் போட்டு நீற்ற வேண்டும். இரும்பு டிரம்மில் தண்ணீரை முதலில் ஊற்றிக்கொண்டு அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீரைக் கொட்டாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் விளையாட்டல்ல. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளை மேலே விடாதீர்கள். பிளாஸ்டிக் வாளி வேண்டவே வேண்டாம், சூட்டில் இளகிவிடும். மறுநாள் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, பெவிகாலைத் தனியாகத் தண்ணீரில் கரைத்துச் சேர்த்து, நீலத்தையும் கலந்து, மோர் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கெட்டியாக அடித்தால் வெள்ளையாகத் தெரியும் என்று நினைப்பார்கள். கெட்டியாக அடித்தது பத்து நாளில் செதில் செதிலாக எழும்பும்.

தளத்தைப் பெருக்கி, பாசி இருந்தால் இரும்பு பிரஷ்ஷால் தேய்த்து, சாயங்காலம் நாலரைக்கு மேல் தண்ணீர் தெளித்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் முதல் பூச்சு. காய்ந்த தளத்தில் அடித்தால் சுண்ணாம்பில் இருக்கிற தண்ணீரைத் தளம் உறிஞ்சிக்கொள்ளும், மேலே வெறும் பொடிதான் நிற்கும். மறுநாள் சாயங்காலம் குறுக்குவாட்டில் இரண்டாவது, அதற்கு மறுநாள் மூன்றாவது. ஈரமாக இருக்கும்போது ஒன்றுமே ஒட்டாத மாதிரி சாம்பல் நிறமாகத் தெரியும். பயந்து இன்னொரு வாளி கரைக்காதீர்கள். காய்ந்ததும் பளீரென்று வெளுக்கும்.

எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டால், தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தவர்கள் அறைக்குள் இரண்டு முதல் ஐந்து டிகிரி வரை குறைவதாகச் சொல்கிறார்கள். என் கணக்கு வேறு. முதன்முதலில் நான் குடியிருந்த வீட்டில் சுண்ணாம்பு தீர்ந்துபோய்ப் பாதித் தளத்தோடு நின்றுவிட்டேன். மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்குத் துணி எடுக்கப் போனபோது செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை வெள்ளையிலும் ஒரு காலை வெறுந்தளத்திலும் வைத்துப் பார்த்தேன். வெள்ளையில் வைத்த கால் அப்படியே நின்றது. மற்றதை மூன்று எண்ணுவதற்குள் தூக்கிவிட்டேன். அன்று சாயங்காலமே மிச்சத்துக்கும் சுண்ணாம்பு வாங்கிவந்தேன்.

வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள். "தளத்துக்கு நான் வெள்ளையடித்துத் தருகிறேன், சாமான் செலவை மட்டும் வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள்" என்றால் பத்துப் பேரில் ஆறு பேர் ஒத்துக்கொள்வார்கள். மாட்டேன் என்றாலும் 1,200 ரூபாய்தான். இன்னொன்று: முதல் மழைத் தண்ணீரைத் தொட்டிக்கு விடாமல் வெளியே விட்டுவிடுங்கள், சுண்ணாம்பு கலந்து வரும். அந்த மழைக்காலத்தில் பாதி கரைந்துபோகும், அடுத்த மாசியில் மறுபடி அடிக்க வேண்டும்.

அடுத்தது அந்த மேற்கு ஜன்னல்கள். கனமான திரைச்சீலை வாங்கலாமா என்று கேட்டீர்களே, வேண்டாம். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அப்புறம் திரை போட்டு என்ன பயன்? சூடு திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்தான் பரவும். மறைப்பு ஜன்னலுக்கு வெளியே இருக்க வேண்டும். மூங்கில் தட்டி கட்டினால் அழகு. சாயங்காலம் நாலு மணிக்கு அதன் இடுக்கு வழியாக வெயில் தரையில் கோடு கோடாக விழுவதைப் பார்த்துக்கொண்டு காபி குடிக்கலாம். இரண்டு ஜன்னலுக்கும் அளவு கொடுத்துச் செய்தால் 1,500 ரூபாய் பக்கம் ஆகும். கை கடிக்கிறது என்றால் விவசாயச் சாமான் விற்கிற கடையில் பச்சை நிழல்வலை மீட்டர் கணக்கில் கிடைக்கும். ஜன்னல் கம்பியிலேயே வெளிப்பக்கமாகக் கயிறு போட்டுக் கட்டலாம், ஆணியே தேவையில்லை. நிறம் கொஞ்சம் நர்சரி மாதிரி இருக்கும், பழகிவிடும்.

உள்ளே தொங்கவிட ஒரு வெள்ளைத் துணி போதும். எட்டு முழ வேட்டி ஒன்று பழசாகி நடுவில் இற்றுப்போய் இருக்குமே, அதை எடுங்கள். நீளம் ஏறக்குறைய 12 அடி, அகலம் நாலு அடிக்குக் கொஞ்சம் மேல். சரிபாதியாக வெட்டினால் ஆறடிக்கு இரண்டு துண்டு. நாலடி ஜன்னலுக்கு ஒவ்வொரு பக்கம் ஒன்று போட்டால் நல்ல சுருக்கத்தோடு விழும். வேட்டியின் கரை இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழாகக் கோடு போட்ட மாதிரி வரும். கரும்பச்சைக் கரை, மாம்பழ மஞ்சள் கரை என்று எது இருக்கிறதோ அது. மேல்பக்கம் கம்பி நுழைகிற அளவுக்கு மடித்துத் தைக்கத் தையல்காரர் 50, 60 ரூபாய் கேட்பார். கடையில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிற 'ஷியர்' என்கிற மெல்லிய திரை செய்கிற வேலையை இது செய்யும், துவைத்தால் ஒரு மணி நேரத்தில் காயும்.

தரைக்குக் கோரைப்பாய். முசிறி, கரூர் பக்கம் காவிரிக்கரையில் கோரை விளைகிற ஊரில் இருந்துகொண்டு பிளாஸ்டிக் பாய் வாங்காதீர்கள். பத்தமடைப் பாய்க்குப் பெயர் பெரிது, விலையும் பெரிது, அதை ஆசைக்கு ஒன்று பிற்பாடு வாங்கிக்கொள்ளலாம். தினப்படிக்கு நம்மூர்ப் பாயே போதும். வெயில் காலத்தில் சோபா உறையை எடுத்துவிட்டு ஹாலில் ஒரு பாய், ஒரு மண்பானை, பானைமேல் ஈரத்துணி. அதுவே அந்த ஹாலுக்கு ஒரு முகத்தைக் கொடுத்துவிடும்.

வெட்டிவேர்த் தட்டி பற்றிச் சென்னையில் இருக்கும் ஒருவர் நம்பிக்கையில்லாமல் பேசினார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் ஊருக்கு அவர் சொல்வது சரி. ஈரத்துணியோ வெட்டிவேரோ காற்றைக் குளிர்விப்பது அதிலிருக்கும் தண்ணீர் ஆவியாவதால்தான். கடற்கரை ஊரில் காற்றே ஏற்கெனவே ஈரம், ஆவியாகாது, புழுக்கம்தான் கூடும். திருச்சி, மதுரை, வேலூர் மாதிரி கடலைவிட்டுத் தள்ளி இருக்கிற ஊரில் சித்திரை மத்தியானம் காற்று காய்ந்து கிடக்கும். இங்கே வேலை செய்யும். ஏர்கூலர் வாங்கலாமா என்பதற்கும் இதே பதில்தான். அக்னி நட்சத்திரத்தில், அதாவது மே 4-லிருந்து 28 வரையில், எல்லாக் கடையிலும் வெட்டிவேர் விலை ஏறியிருக்கும். பங்குனியிலேயே வாங்கிவிடுங்கள்.

செய்யக் கூடாதவை இரண்டு. தெர்மாகோலைக் கூரையின் அடியில் ஒட்டாதீர்கள். தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். தென்னங்கீற்றை மாடியில் பரப்புவது நல்ல நிழல், ஆனால் தேளும் எலியும் குடிவரும். ஆடிக்கு முன் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டு மாடியில் போய்ப் பொறுக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவுக்கும் சேர்த்து 4,000 ரூபாய். வருஷச் செலவில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டதே என்று தோன்றும். நம் ஊரில் வெயில்தான் நீண்ட பருவம், அதற்குத்தான் அதிகம் வைக்க வேண்டும்.

காற்றுப் பருவத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அம்மியே பறக்கிற காற்றில் மூங்கில் தட்டியை அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிடுங்கள். காவிரி மணல் வாசல் வழியாக ஹாலுக்கு வரும், துடைத்துத் துடைத்துக் கை ஓயும். வாசலில் தடிமனான தேங்காய் நார் மிதியடி ஒன்று, ஜன்னலுக்கு வெல்க்ரோ ஒட்டுகிற கொசுவலை. வலையைக் கடைக்காரர் வந்து அடித்துத் தருவதானால் சதுர அடிக்கு இவ்வளவு என்பார். வலையும் வெல்க்ரோ பட்டையும் தனித்தனியாக வாங்கி நீங்களே ஒட்டினால் பாதிச் செலவு. தூசி பாதி நிற்கும், மழைக்காலத்தில் கொசுவுக்கும் அதுவே. ஒட்டுவதற்கு முன் சட்டத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க மறக்காதீர்கள், தூசிமேல் ஒட்டினால் ஒரு வாரம் நிற்காது.

செடிக்கு ஆடிதான் மாதம். ஆடிப்பட்டம் தேடி விதை என்றது வயலுக்கு மட்டுமல்ல. வெயில் தணிந்து, மழை வருவதற்குமுன் வேர் பிடிக்க இரண்டு மாதம் கிடைக்கும். சித்திரையில் ஆசையாக வாங்கி வந்து கருக விட்டவர்கள் எத்தனையோ பேர். வாங்குவதென்றால் கற்பூரவல்லி, கற்றாழை, மணி பிளான்ட் மூன்றும் யாராவது வீட்டிலிருந்து கிள்ளி வந்தாலே வளரும், காசு கொடுக்காதீர்கள். காசு தொட்டிக்குப் போகட்டும், அதுவும் மண்தொட்டிக்கு.

துணிமணி வாங்கவும் இதுதான் சமயம், ஆடித் தள்ளுபடி. ஆனால் படுக்கை விரிப்பும் ஜமக்காளமும் வாங்குவதற்கு இன்னும் கொஞ்சம் பொறுத்தால் கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்காக 30 சதவீதத் தள்ளுபடி போடுவார்கள். பவானி ஜமக்காளம் ஒன்றும் சென்னிமலைப் போர்வை ஒன்றும் அப்போது வாங்கிக்கொள்ளுங்கள், பனிக்கு வேண்டும்.

இனி மழை. தமிழ்நாட்டுக்கு வருஷத்தில் கிடைக்கிற மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்தில் கொட்டுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவது சாதாரணமாக அக்டோபர் 20-ஐ ஒட்டி. தீபாவளியும் அதை ஒட்டியே வரும். இப்போது நான் ஏன் பெயின்ட் வேண்டாம் என்றேன் என்று புரிந்திருக்கும்.

சில வருஷத்துக்கு முன் ஒரு வீட்டில் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் ஹாலுக்கு எமல்ஷன் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். வெளிச்சுவரில் மயிரிழை விரிசல் இருந்ததைப் பார்த்தேன், சொல்லவும் செய்தேன். "பண்டிகைக்கு ஆள் வருகிறார்கள், உள்ளே மட்டும் முடித்துக்கொடுங்கள்" என்றார்கள். முடித்துக்கொடுத்தேன். தீபாவளியன்று சுவர் பளபளவென்று இருந்தது. கார்த்திகை தீபத்தன்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் சுவரில் கொய்யாப்பழம் அளவுக்குக் கொப்புளங்கள், விரலால் அழுத்தினால் உள்ளேயிருந்து தண்ணீர். கைக்காசு போட்டு மாசியில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். தப்பு என்னுடையதுதான், முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

நம் தாத்தா பாட்டி பொங்கலுக்கு முன், ஈரம் காயாத மார்கழியிலேயே வெள்ளையடித்தார்களே என்று கேட்கலாம். அவர்கள் அடித்தது சுண்ணாம்பு. சுண்ணாம்பு சுவரோடு சேர்ந்து மூச்சு விடும். உள்ளே இருக்கும் ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். அது இறுகுவதற்கே கொஞ்சம் ஈரம் வேண்டும். எமல்ஷன் என்பது சுவர்மேல் போர்த்துகிற மெல்லிய பிளாஸ்டிக் தோல். ஈரச் சுவரைப் போர்த்தினால் ஈரம் போக வழியில்லாமல் தோலைத் தள்ளிக்கொண்டு வரும். நாம் பழைய நாளை வைத்துக்கொண்டு புதுப் பூச்சை அடிக்கிறோம், அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே ஆவணி, புரட்டாசியில் செய்ய வேண்டியது ஓட்டை அடைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். மாடியில் மழைத்தண்ணீர் இறங்குகிற குழாய் வாய்களில் ஒவ்வொன்றாக ஒரு வாளி ஊற்றுங்கள். கடகடவென்று இறங்கினால் சரி. சுழன்று நின்றால் உள்ளே இலையோ பிளாஸ்டிக் பையோ இருக்கிறது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்கிற மூலையைச் சுற்றிலும் பாருங்கள். மேல் மாடி வீடுகளில் நான் பார்த்த ஒழுகலில் பெரும்பாலானவை அந்த மூலையிலிருந்துதான். அப்புறம் மழைநீர் சேகரிப்புக் குழி. 2003-இல் கட்டாயமாக்கியபோது கட்டிவிட்டு அதற்குப் பின் மூடியைத் திறக்காத வீடுகள் ஏராளம். திறந்து மேலே படிந்திருக்கும் சேற்றை அள்ளச் சொல்லுங்கள். இந்த மூன்றும் வீட்டுக்காரர் வேலை. போட்டோ எடுத்து அனுப்பி, "மழைக்கு முன் பார்த்துவிட்டால் உங்களுக்குத்தான் செலவு மிச்சம்" என்று எழுதுங்கள்.

ஜன்னல் ஓரத்து விரிசல்களை நீங்களே அடைக்கலாம். வெள்ளை சிமென்ட்டைக் குழைத்து அப்பாதீர்கள், காய்ந்ததும் சுருங்கித் தனியாக விழும். விரிசல் அடைக்கவென்றே பேஸ்ட் டப்பாவில் வருகிறது. விரிசலைப் பழைய ஸ்க்ரூ டிரைவர் முனையால் 'வி' மாதிரி கொஞ்சம் அகலமாக்கி, தூசியை ஊதிவிட்டு, ஈரத்துணியால் ஒற்றி, பேஸ்ட்டை அழுத்தி வைத்து, மறுநாள் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். 300 ரூபாய் டப்பா வீடு முழுக்க வரும்.

சுவரில் உப்பு பூத்திருந்தால் ஈரத்துணியால் துடைக்கிறார்கள். துடைத்தால் உப்பு கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பப் போகும், அடுத்த வாரம் மறுபடி பூக்கும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே காகிதம் விரித்து அள்ளிக் கொட்டுங்கள்.

இங்கேதான் உங்கள் ஸ்டிக்கர் வால்பேப்பரும் வருகிறது. ஈரம் ஏறுகிற சுவரில் அதை ஒட்டினால் ஐப்பசி முடிவதற்குள் ஓரம் சுருளும், பின்னால் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். உரித்தால் பெயின்டும் சேர்ந்து வரும். காலி செய்யும்போது பெயின்டுக்கென்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிப்பது வழக்கம்தான், அதற்கு மேலும் பிடிக்க ஒரு சாக்கைக் கொடுத்த மாதிரி ஆகும். இந்த வீட்டில் ஒரு மழைக்காலம் இருந்து பார்த்துவிட்டு, எந்தச் சுவர் காய்ந்தே இருக்கிறதோ அதில் ஒட்டுங்கள், ஆசை அப்போதும் இருந்தால்.

மழைக்காலத்து அலங்காரத்துக்குப் பெரிய செலவே வேண்டாம், வெளிச்சத்தை மாற்றினால் போதும். மேகம் மூடி ஐந்தரைக்கே இருட்டுகிற நாளில் வெள்ளை டியூப்லைட் போட்டால் ஹால் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கும். 'வார்ம் ஒயிட்' என்று அட்டையில் போட்டிருக்கும் எல்.இ.டி. பல்பு, 2700 அல்லது 3000 கெல்வின், 9 வாட், நூறு ரூபாய் பக்கம்தான். இரண்டு வாங்கி ஒன்றைச் சுவர்மூலையில் கண்ணுக்கு நேராகத் தெரியாமல் ஒரு பானைக்குப் பின்னாலோ புத்தக அலமாரிக்குப் பின்னாலோ வையுங்கள். வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி வரட்டும். படிக்கும் மேசைக்கும் அடுப்படிக்கும் மட்டும் வெள்ளை வெளிச்சம் இருக்கட்டும், மஞ்சள் வெளிச்சத்தில் வெங்காயம் நறுக்குவது கஷ்டம்.

கோரைப்பாயை மழை தொடங்குவதற்கு முன் ஒரு நாள் வெயிலில் போட்டு, செய்தித்தாள் சுற்றிப் பரணில் ஏற்றிவிடுங்கள், இல்லையென்றால் பூஞ்சை. பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள், பின்னால் காற்று ஓடட்டும். துணிக்கு நடுவில் வசம்பும் காய்ந்த வேப்பிலையும்.

நவராத்திரியும் இதே மாதங்களில் வருவதால் ஒரு யோசனை. கொலு வைக்கிற வழக்கம் உண்டோ இல்லையோ, மூன்று படி உள்ள மடக்கு இரும்புப் படிக்கட்டு ஒன்று வாங்கினால் ஒன்பது நாள் கொலு, மிச்ச நாளெல்லாம் செடி ஸ்டாண்டு. ஆணி அடிக்க முடியாத வீட்டில் அலமாரிக்கு இதைவிட நல்ல மாற்று எனக்குத் தெரியவில்லை. வழக்கம் உள்ளவர்கள் மதுரைப் பக்கம் விளாச்சேரியிலிருந்து வருகிற மண்பொம்மைகளை வருஷத்துக்கு இரண்டாக வாங்கிச் சேர்க்கலாம். பத்து வருஷத்தில் அதுவே ஒரு சொத்து.

கார்த்திகைக்கு அகல்விளக்கு டஜன் கணக்கில் மலிவு. வாங்கி வந்ததும் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து ஏற்றுங்கள், எண்ணெயைக் குடிக்காது. மாதம் முழுக்க வாசலில் இரண்டு ஏற்றினாலே வீடு வேறு வீடாகிவிடும், சீரியல் பல்பு சரம் தேவையில்லை.

மார்கழி வந்தால் தரை சில்லென்றிருக்கும். வாங்கி வைத்த ஜமக்காளத்தை இப்போது விரியுங்கள். பவானி ஜமக்காளத்தின் அந்தப் பட்டைப் பட்டையான சிவப்பு, பச்சை, நீலம் ஒரு வெறும் ஹாலை நிரப்பப் போதும். பக்கத்தில் வேறு நிறம் எதையும் வைக்காதீர்கள், சண்டை போடும். வேட்டித் திரையை எடுத்துவிட்டுச் சுங்குடிச் சேலை ஒன்றைத் தொங்கவிடலாம். காலை வெயில் அந்தப் புள்ளிகள் வழியாக வரும்போது பார்க்க வேண்டும்.

போகிக்குக் கழிப்பதில் ஒரு விதி வைத்திருக்கிறேன். ஒரு வருஷம் முழுக்க, நான்கு பருவத்திலும் கை படாத பொருள் வெளியே. எரிக்காதீர்கள், கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு தடவை இப்படிக் கழித்தபோது போட்ட பழைய மர ஸ்டூலை என் மனைவி திருப்பி எடுத்து வந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மிச்சமிருந்த எனாமல் பெயின்டை அடித்து, டெலிபோன் ஸ்டாண்டு ஆக்கினாள். டெலிபோன் போய்விட்டது, ஸ்டூல் இருக்கிறது.

தை கடைசியில் பெயின்ட் ஆசைக்கு வரலாம். முதலில் ஒரு சோதனை. ஒரு சதுர அடிக்குத் தடிமனான பாலிதீன் தாளை வெட்டிச் சுவரில் வைத்து நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை, மாசிவரை பொறுங்கள். காய்ந்திருந்தால் உள்ளங்கையால் சுவரைத் தேயுங்கள். கையில் வெள்ளை ஒட்டினால் அடியில் சுண்ணாம்போ டிஸ்டம்பரோ இருக்கிறது. அதைச் சுரண்டி பிரைமர் என்கிற அடிப்பூச்சு அடிக்காமல் எமல்ஷன் அடித்தால் பணம் வீண்.

நான்கு சுவருக்கும் அடிக்க வேண்டாம். வாசல் கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற ஒரு சுவர் போதும். பத்துக்குப் பத்து என்றால் நூறு சதுர அடி. சாதாரண எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 60, 70 சதுர அடி வரும், அதனால் இரண்டு லிட்டர். பிரைமர், ரோலரோடு சேர்த்து 1,000 ரூபாய் பக்கம். நிறம் வெளுப்பாகவே இருக்கட்டும், இளநீர் நிறம், சந்தன நிறம் மாதிரி. அடர்நீலம் அடித்தால் காலி செய்யும்போது அதை மறைக்க மூன்று கோட் வெள்ளை அடிக்க வேண்டும், அந்தக் கணக்கு உங்கள் அட்வான்ஸில்தான் எழுதப்படும். மிச்சப் பெயின்டை ஒரு ஊறுகாய் பாட்டிலில் ஊற்றி, நிற எண்ணை மேலே எழுதி வையுங்கள், கீறலுக்குத் தொட்டு வைக்க உதவும்.

கூட்டிப் பார்த்தால் வெயிலுக்கு 4,000, காற்றுக்கு 1,500, மழைக்கு 2,500, பனிக்கு 3,000. மிச்சம் 1,000 கையில் இருக்கட்டும், ஏதாவது ஒரு குழாய் உடையும். இரண்டாவது வருஷம் தட்டி, வலை, ஜமக்காளம் எதுவும் வாங்க வேண்டியிருக்காது. அந்தப் பணத்தில் 30 வாட் அளவில் ஓடுகிற பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்) மின்விசிறி ஒன்று வாங்குங்கள். பழைய விசிறி 75 வாட் இழுக்கும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் மாதம் 16 யூனிட் மிச்சம். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் மின்கட்டணம் போடுகிற விகிதமே மாறிவிடும் என்பதால் ஓரத்தில் நிற்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். காலி செய்யும்போது விசிறியைக் கழற்றிக்கொண்டு போகலாம், பழையதைப் பத்திரமாக வைத்திருந்து மாட்டிவிட்டால் சரி.

இப்போதைக்கு மொட்டைமாடி எத்தனைக்கு எத்தனை அடி, தளத்தில் தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதித்திருக்கிறதா, வெறும் சிமென்ட் பூச்சா என்று பார்த்து எழுதுங்கள். தட்டோடு என்றால் சுண்ணாம்பு இன்னும் கொஞ்சம் கூடக் குடிக்கும், அளவு சொல்கிறேன்.